முள் 'எச்'சில் நின்றது, என்ஜின் 64 டிகிரியில் இருந்தது

என் லாரி என்ஜினின் ஹெட்டை (சிலிண்டர்களுக்கு மேல் இருக்கும் மூடிப் பகுதி) இறக்க மேஸ்திரி நாள் குறித்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் வண்டி மாத்தூர் பட்டறையில் நிற்க வேண்டும், கேஸ்கட் செட் (ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கிற தகடு), லேத்தில் ஹெட்டைச் சமமாக்கும் பேஸிங், திறந்த பிறகு சிலிண்டருக்குள் இருக்கிற லைனரையும் பார்த்துக்கொள்ளலாம், எப்படியும் நாற்பதாயிரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நானும் பணத்துக்கு அலைய ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் அந்த வண்டிக்குத் தேவைப்பட்டது இரண்டு அடி வெல்டிங் கேபிளும் அதன் முனைகளுக்கு இரண்டு லக்கும்தான். நடுவில் என்னவெல்லாம் நடந்தது, எங்கெல்லாம் தப்பாகப் போனோம் என்று முழுசாக எழுதிவிடுகிறேன். பழைய வண்டி வைத்திருக்கிற யாருக்காவது ஒரு ஹெட் வேலை மிச்சமானால் எனக்குச் சந்தோஷம்.

என்னிடம் இருப்பது ஒரே லாரி. 2005 மாடல், பத்துச் சக்கரம். சாத்தங்காடு இரும்பு மார்க்கெட்டிலிருந்து ஸ்கிராப் ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி போகும், அங்கே ரோலிங் மில்லில் கம்பி ஏற்றிக்கொண்டு திரும்பும். எப்போதாவது துறைமுகத்தில் லோடு கிடைக்கும். டிரைவர் அண்ணன் என் அப்பா காலத்திலிருந்து இந்த வண்டியில் இருக்கிறார். அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார், வண்டி விஷயத்தில் அவர் பேச்சுக்குத்தான் எங்கள் வீட்டில் மதிப்பு.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வண்டி மணலி பக்கம் நின்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டது. சக்கரம் முழுகி கேபின் தரை வரைக்கும் தண்ணீர். வடிய நாளாயிற்று. வடிந்த பிறகு என்ஜின் ஆயில், கியர் ஆயில், ஹவுசிங் ஆயில் எல்லாம் மாற்றி, ஹப் கழற்றி கிரீஸ் போட்டு, டைனமோ, செல்ஃப் மோட்டார் இரண்டையும் சர்வீஸ் பண்ணி ஓட்ட ஆரம்பித்தோம். எல்லாம் சரியாக இருந்த மாதிரிதான் இருந்தது.

பிப்ரவரி கடைசியில் அண்ணன் ஹீட் மீட்டரைப் பற்றிச் சொன்னார் (அதில் எச் என்றால் சூடு, சி என்றால் குளிர்). "தம்பி, ராத்திரியில வண்டி ஹீட் ஏறுது. முள்ளு எச்சாண்ட போய் நிக்குது. காலையில பார்த்தா சரியா இருக்கு."

இந்த ஒரு வாக்கியத்திலேயே விடை இருந்தது. ராத்திரி ஏறுகிறது, காலையில் இல்லை. வெயிலில் சூடாகாத என்ஜின் இருட்டில் ஏன் சூடாக வேண்டும்? நாங்கள் யாருமே அதைக் கேட்கவில்லை. ஏனென்றால் எங்கள் லோடு ஓட்டமே பெரும்பாலும் ராத்திரிதான், பகலில் வண்டி காலியாக நிற்கும் அல்லது காலியாக ஓடும். அதனால் 'லோடு ஏறினால் ஹீட் ஆகிறது' என்று நாங்களே மொழிபெயர்த்துக்கொண்டோம். மேஸ்திரியிடமும் அப்படித்தான் சொன்னோம். டிரைவர் சொன்னதை அப்படியே கொண்டுபோய்ச் சொல்லியிருந்தால் அவர் வேறு மாதிரி யோசித்திருப்பாரோ என்னவோ. இப்போதெல்லாம் அண்ணன் என்ன வார்த்தையில் குறை சொல்கிறாரோ அதே வார்த்தையில் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் பட்டறைக்குப் போகிறேன்.

அப்புறம் வழக்கமான வரிசை. ரேடியேட்டரைக் கழற்றி, டேங்க் பிரித்து, ராடு விட்டுக் குத்திச் சுத்தம் பண்ணியதற்கு 6,500. சரியாகவில்லை. வாட்டர் பம்ப் மாற்றியதற்கு 4,800. சரியாகவில்லை. ஃபேன் பெல்ட் புதுசு, ரேடியேட்டர் மூடி புதுசு. பிறகு, என்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கிற தெர்மோஸ்டாட் வால்வை எடுத்து வெளியே போட்டார்கள், "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று. ராத்திரி முள் அப்படியேதான் இருந்தது, டீசல் மட்டும் முன்னைவிட அதிகமாகக் குடிக்க ஆரம்பித்தது. இதற்கும் அடங்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கட்தான் என்று முடிவானது.

மேஸ்திரியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ரேடியேட்டரில் காற்றுக் குமிழி வருகிறதா என்று பார்த்தார், வரவில்லை. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார், ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கவில்லை. தண்ணீர் குறைகிறதா என்று கேட்டார், குறையவே இல்லை. வெள்ளைப் புகையும் இல்லை. கேஸ்கட் போனதற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மீட்டரில் முள் ஏறி நிற்கிறதே, அதை என்ன செய்வது? அந்த முள் தப்பாக இருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் எங்களில் யாருக்கும் வரவில்லை.

அந்த எண்ணத்தைக் கொண்டுவந்தவன் என் மச்சான். மணலியில் ஒரு கம்பெனியில் பாய்லர் பிரிவில் வேலை செய்கிறான். புதன்கிழமை ராத்திரி வீட்டுக்கு வந்தவனிடம் பணம் கேட்கத்தான் விஷயத்தைச் சொன்னேன். அவன் கேட்டது ஒரே கேள்வி. "மாமா, முள்ளு சொல்றது இருக்கட்டும். தண்ணி எத்தனை டிகிரின்னு யாராவது அளந்தீங்களா?"

யாரும் அளக்கவில்லை.

மறுநாள் அவன் துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு வந்தான். கொரோனா நேரத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேராகப் பிடித்தார்களே, அது இதற்கு உதவாது, அது உடம்புச் சூட்டுக்கு மட்டும்தான். இது சில நூறு டிகிரி வரை காட்டும் பட்டறை ரகம். லோடு வண்டி, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை, ஹெட்லைட் போட்டபடி ஊர்ந்துகொண்டிருக்கிறோம், முள் எச்சுக்கு ஒரு நூல்தான் பாக்கி. ஓரங்கட்டி என்ஜினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் ஹவுசிங் மேல் குறி வைத்தான். 47 டிகிரி. எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவன் சிரிக்காமல் பாக்கெட்டிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, ஹவுசிங்கைத் துணியால் துடைத்துவிட்டு, இரண்டு அங்குலம் ஒட்டினான். ஒரு நிமிஷம் பொறுத்து அந்தக் கறுப்பு மேல் குறி வைத்தான். 64.

பளபளக்கும் அலுமினியம், பித்தளை மேலே இந்தத் தெர்மாமீட்டரைப் பிடித்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சுற்றியிருக்கும் சூட்டைக் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பிவிடும், தன் சூட்டை முழுசாக வெளியே விடாது. கறுப்பு டேப்போ, கறுப்புப் பெயின்ட்டோ, ரப்பர் ஹோஸோ இருந்தால் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். இது தெரியாமல் அளந்தால் கொதிக்கிற என்ஜினைக்கூட ஜில்லென்று இருக்கிறது என்று நம்பிவிடுவோம், ஆகவே டேப்பை மறக்கவே கூடாது.

ஆனால் 64 என்பது வேறு ஒரு செய்தி. டீசல் என்ஜின் 80-லிருந்து 95 டிகிரிக்குள் ஓடினால்தான் அதற்கு ஆரோக்கியம். எங்கள் என்ஜின் சூடாவது இருக்கட்டும், வேலை செய்யும் சூட்டுக்கே வரவில்லை, தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டதால். குளிர்ந்த என்ஜினில் டீசல் சரியாக எரியாது, லைனர் சீக்கிரம் தேயும், மைலேஜ் போகும். சில என்ஜின்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு: தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை அடைக்கிற மாதிரி அமைப்பு இருந்தால், அதை எடுத்துவிட்டால் ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் பைபாஸ் வழியாகவே சுற்றும், லோடில் நிஜமாகவே ஹீட் ஏறும். சென்னை வெயிலுக்கும் தெர்மோஸ்டாட் வேண்டும். சந்தேகம் இருந்தால் அதை ஒரு பாத்திரத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள், அதன் மேலே அச்சடித்திருக்கிற டிகிரியை ஒட்டி திறக்க ஆரம்பிக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள்.

வெள்ளிக்கிழமை ஹெட் வேலையை நிறுத்தச் சொல்லி மேஸ்திரிக்குப் போன் போட்டேன். அவருக்கு வருத்தம்தான். ஆனால் டேப் ஒட்டி அளந்ததைச் சொன்னதும், "அப்போ மீட்டர் லைன்தான், கரன்ட்காரரைப் பாரு" என்று அவரே சொன்னார்.

இங்கேயும் நேராகப் போகவில்லை, அவசரப்பட்டு முதலில், தண்ணீர் சூட்டை மீட்டருக்குச் சொல்கிற சென்ஸரை மாற்றினேன். அந்த இரண்டு நாளைப் பற்றி எழுதியே ஆக வேண்டும், அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. புது சென்ஸரை மாட்டியவர் மரையில் டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்றி இறுக்கினார், தண்ணீர் கசியக்கூடாதே என்று. முள் உடனே நடுவுக்குக் கீழே வந்தது. சரியாகிவிட்டது என்று நிம்மதியாகிவிட்டோம். ஒரே ஒயர் போகிற பழைய வகை சென்ஸருக்கு எர்த் (கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) கிடைப்பதே அந்த மரை வழியாகத்தான். டேப்பைச் சுற்றினால் எர்த் குறையும், மின்தடை கூடும், முள் உண்மையைவிடக் கீழே காட்டும். அதாவது பொய்யாக மேலே காட்டிக்கொண்டிருந்த மீட்டரை, பொய்யாகக் கீழே காட்டும்படி செய்து, இரண்டு பொய்யும் சேர்ந்து ஒரு மாதிரி சரியாகத் தெரிந்தது. அந்த இரண்டு நாளில் ஒரு ஹோஸ் போயிருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. மச்சான்தான் வந்து கழற்றச் சொன்னான்.

கழற்றிய பழைய சென்ஸரையும் புதுசையும் வீட்டு அடுப்படியில் வைத்துச் சோதித்தோம். இது யாரும் செய்யக்கூடியது. ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர், சென்ஸரின் பித்தளை முனை மட்டும் முழுகும்படி கம்பியில் தொங்கவிட வேண்டும், மேல் முனையும் ஒயரும் நனையக்கூடாது. மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஒரு முனையை மேல் டெர்மினலிலும் இன்னொன்றைப் பித்தளை உடம்பிலும் பிடிக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் பழைய சென்ஸர் 440 ஓம்ஸ் காட்டியது. அடுப்பைப் பற்றவைத்ததும் எண் இறங்கிக்கொண்டே வந்தது, முந்நூறு, இருநூறு, நூறு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது 38. சென்னை கடல் மட்டத்து ஊர், இங்கே கொதிக்கிற தண்ணீர் என்றால் 100 டிகிரி, தனியாக தெர்மாமீட்டர்கூடத் தேவையில்லை. புது சென்ஸரையும் அதே பாத்திரத்தில் போட்டோம். இரண்டுக்கும் ஐந்தாறு ஓம்ஸ்தான் வித்தியாசம். பழைய சென்ஸரில் ஒரு குறையும் இல்லை. (இந்த எண்கள் என் வண்டி சென்ஸருக்கு. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சூடு ஏற ஏற ஓம்ஸ் சீராக இறங்க வேண்டும், நடுவில் தாவக்கூடாது, அதுதான் பார்க்க வேண்டியது. அதே காரணத்தால்தான் மீட்டர் ஒரு கம்பெனி, சென்ஸர் இன்னொரு கம்பெனி என்று போட்டால் மரை பொருந்தினாலும் முள் பொருந்தாது.)

அடுத்து ஒயர். சாவியைப் போட்டு, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சென்ஸரிலிருந்து ஒயரைப் பிடுங்கினோம். முள் முழுசாக 'சி'க்கு இறங்கியது. அந்த ஒயர் முனையை ஒரு சின்ன பல்பு வழியாக என்ஜின் பாடியில் தொட்டோம், முள் மெதுவாக எச்சை நோக்கி நகர ஆரம்பித்தது. இதன் அர்த்தம், மீட்டரும் வேலை செய்கிறது, ஒயரும் நடுவில் அறுந்தோ பாடியில் உரசியோ இல்லை. ஒயரைப் பிடுங்கியும் முள் இறங்காவிட்டால் ஒயர் எங்கேயோ தோல் உரிந்து சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) படுகிறது என்று அர்த்தம். எர்த்தில் தொட்டும் ஏறாவிட்டால் ஒயர் கட் அல்லது மீட்டர் போய்விட்டது. ஐந்து நிமிஷ வேலை, காசு கிடையாது. நேரடியாக எர்த்தில் தொட்டால் ஓரிரு விநாடிக்கு மேல் வைக்காதீர்கள், மீட்டருக்குள் இருக்கிற சுருள் கருகிவிடும். வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்து அதற்கேற்ற பல்பு வழியாகத் தொடுவது நல்லது. பிஎஸ்-4, பிஎஸ்-6 என்கிற புது மாசுக்கட்டுப்பாட்டு ரக வண்டிகளில் இந்தச் சோதனையே வேண்டாம். அங்கே சென்ஸர் போய்ச் சேருவது கம்ப்யூட்டரில், பல்பை வைத்தால் பெரிய செலவில் முடியும்.

ஆக சென்ஸர் நன்றாக இருக்கிறது, ஒயர் நன்றாக இருக்கிறது, மீட்டர் நன்றாக இருக்கிறது. தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டியாயிற்று, பழைய சென்ஸரை டேப் இல்லாமல் செம்பு வாஷருடன் மாட்டியாயிற்று. பகலில் பார்த்தால் முள் நடுவில், டேப் மேல் 83 டிகிரி, இரண்டும் பொருந்துகிறது. ராத்திரி ஆனால் மறுபடி எச்.

விடை கிடைத்தது துறைமுகத்து ஜீரோ கேட் வரிசையில். அன்றைக்கு நானும் அண்ணன் கூடவே உட்கார்ந்திருந்தேன். காசிமேடு தாண்டி வரிசை நகரவே இல்லை, கருவாட்டு வாசனை, முன்னால் டிரெய்லர்களின் பின்விளக்கு. என்ஜினை ஓடவிட்டுக்கொண்டே அண்ணன் ஹெட்லைட்டை அணைத்தார், வரிசையில் நிற்கும்போது எல்லாரும் அணைப்பார்கள். சும்மா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு முள் அசைவது தெரிந்தது. குதிக்கவில்லை. கடிகார முள் மாதிரி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், அரை நிமிஷத்தில் எச்சிலிருந்து நடுவுக்கு வந்து நின்றது. அத்தனை பெரிய என்ஜின் அரை நிமிஷத்தில் எப்படி ஆறும்?

"அண்ணே, லைட்டைப் போடுங்க."

போட்டார். முள் திரும்பவும் நகர ஆரம்பித்தது. அப்போதுதான் பக்கத்தில் இருந்த டீசல் மீட்டரைப் பார்த்தேன். அதுவும் கூடவே ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அரை டேங்க் இருந்த டீசல், லைட்டைப் போட்டதும் முக்கால் டேங்க் ஆனது. அணைத்தால் அரை. போட்டால் முக்கால். நாலு தடவை செய்து பார்த்தோம், நாலு தடவையும் இரண்டு முள்ளும் ஜோடியாக ஏறி ஜோடியாக இறங்கின. அண்ணன் ஸ்டீயரிங்கைத் தட்டி, "டீசலும் சூடாவுதா தம்பி?" என்றார்.

மறுநாள் தண்டையார்பேட்டையில் எங்களுக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாயிடம் போனோம். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறுகிறது என்று நான் சொல்லி முடிக்கும் முன்பே, "கேபின் எர்த்" என்றார். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் போஸ்டில், இன்னொரு முனையை கேபினில் பெயின்ட் சுரண்டிய ஒரு போல்ட்டில் வைக்கச் சொன்னார். லைட் இல்லாமல் 0.3 வோல்ட். லைட்டைப் போட்டதும் 2.8.

கேபின் சேசிஸ் மேல் ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரன்ட்டைக் கடத்தாது. அதனால் கேபினையும் சேசிஸையும் இணைக்க ஒரு செம்புப் பின்னல் பட்டை போட்டிருப்பார்கள். லைட், மீட்டர், ஹாரன் எல்லாம் கேபினுக்கு எர்த் கொடுத்துவிட்டு, அங்கிருந்து இந்தப் பட்டை வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகின்றன. பாய் கீழே படுத்து டார்ச் அடித்துக் காட்டினார். பட்டை இருந்தது, ஆனால் பச்சைப் பொடியாக. விரலால் தொட்டதும் இழை இழையாக உதிர்ந்தது, நாலைந்து இழைகள் மட்டும் போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. வெள்ளத்தில் ஊறியது பாதி, எண்ணூர்க் கரையோர உப்புக் காற்று மீதி. லைட் போட்டதும் அவ்வளவு கரன்ட்டும் அந்த நாலைந்து இழையில் நெருக்கியடித்துப் போக முடியாமல், கேபினே பேட்டரி நெகட்டிவைவிட கிட்டத்தட்ட மூன்று வோல்ட் மேலே தூக்கி நின்றது. மீட்டருக்கு வோல்டேஜை அளந்து கொடுக்கிற ஸ்டெபிலைசர் கேபினைத்தான் தரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, சென்ஸர் இருப்பதோ என்ஜினில், டீசல் மிதவை இருப்பதோ சேசிஸில். அந்த மூன்று வோல்ட்டும் சேர்ந்து மீட்டர்களுக்குள் போக, இரண்டு முள்ளும் ஏறிவிட்டன. செல்ஃப் மோட்டாருக்கு எர்த் என்ஜினில் நேராக இருந்ததால் வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது, அதனால்தான் எர்த் மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஹெட்லைட் கொஞ்சம் மஞ்சளாக எரிந்ததை மட்டும் பல்பு பழசு என்று விட்டுவிட்டோம்.

பாய் பழைய மாதிரி பின்னல் பட்டை போடவில்லை. இரண்டு அடி வெல்டிங் கேபிளை வெட்டி, இரண்டு பக்கமும் செம்பு லக் அடித்து, ஈயம் ஊற்றி, சேசிஸிலும் கேபினிலும் பெயின்ட்டை வெள்ளையாகத் தெரியும் வரை சுரண்டி, ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கெட்டியாக கிரீஸ் அப்பினார். கூலியோடு 450 ரூபாய். திரும்ப அளந்தோம், லைட் போட்டு 0.05 வோல்ட். முள் அசையவில்லை. ஹெட்லைட் வெள்ளையாக எரிந்தது.

இந்த இடத்தில் முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் ஜூலையில் நடந்ததையும் சொன்னால்தான் முழுசாக இருக்கும், அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து கம்பி ஏற்றி வரும்போது, தச்சூர் கூட்டுரோடு நெருங்குகையில் ரேடியேட்டர் கீழ் ஹோஸ் கிழிந்தது. ரேடியேட்டர் வேலையின்போது கழற்றி மாட்டிய அதே பழைய ஹோஸ். அண்ணன் முள்ளைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறார், மீட்டர் இப்போது உண்மை சொல்கிறது என்ற நம்பிக்கை எங்கள் எல்லாருக்கும் இருந்தது. முள் கொஞ்சம் ஏறியது, அப்புறம் இறங்கி சி பக்கம் போய்விட்டது. ஏறினால்தானே பயம், இறங்கினால் என்ன என்று அவர் ஓட்டினார். சுத்தமாகத் தண்ணீர் இல்லாமல் போனதால்தான் முள் இறங்கியது. சென்ஸர் தண்ணீருக்குள் முழுகியிருந்தால்தான் என்ஜின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் வெளியே போய்விட்டால் அது காற்றில் தொங்குகிறது, சுற்றிலும் இரும்பு பழுத்துக்கொண்டிருந்தாலும் குறைவாகத்தான் காட்டும். பிக்கப் விழுந்து, பெயின்ட் கருகுகிற வாசனை வந்த பிறகுதான் நிறுத்தினார். நிறுத்தியதும் பக்கத்து டீக்கடையில் குடத்துத் தண்ணீர் கொடுத்தார்கள், அதை அவர் ஊற்றவில்லை. பழுத்த ஹெட்டில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் பிளந்துவிடும் என்று தெரிந்தவர். மூடியையும் தொடவில்லை. ஒன்றரை மணி நேரம் அப்படியே நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார். அதனால்தான் ஹெட் வெடிக்காமல் வளைவதோடு தப்பித்தது. பேஸிங், கேஸ்கட், எல்லாம் சேர்த்து 38,000. பிப்ரவரியில் தேவையில்லாமல் செய்ய இருந்த அதே வேலையை ஜூலையில் தேவைப்பட்டே செய்தோம்.

அண்ணன் இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவர் தப்பே இல்லை. முள் இறங்குவதும் ஆபத்துதான் என்று நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும், எனக்கே அப்போது தெரியாது. லோடு வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது முள் திடீரென்று வழக்கமான இடத்தைவிட்டு எந்தப் பக்கம் போனாலும், மேலேயோ கீழேயோ, ஓரங்கட்டி இறங்கிப் பார்க்க வேண்டும். கேபினில் ஹீட்டர் இருக்கிற வண்டி என்றால் அதைத் திறந்து பார்க்கலாம், சூடான காற்று வந்துகொண்டிருந்தது திடீரென்று குளிர்ந்தால் தண்ணீர் சுற்றவில்லை என்று அர்த்தம். நம் ஊர் லாரியில் அது எங்கே இருக்கிறது, கீழே குனிந்து சொட்டுகிறதா என்று பார்ப்பதுதான் வழி. ஓட்டம் முடிந்து ஆறிய பிறகு, காலையில், மூடியைத் திறந்து தண்ணீர் மட்டம் பார்ப்பது தினசரி வேலை. ஓடிய சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே நூறு டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும், திறந்த அந்த விநாடியில் அவ்வளவும் கொதித்து முகத்தில் அடிக்கும். எங்கள் தெருவிலேயே கையில் தழும்போடு ஒரு கிளீனர் பையன் இருக்கிறான்.

ஹெட் வேலை முடிந்து மாட்டும்போது மூன்று விஷயம் சேர்த்துச் செய்தோம். எல்லா ஹோஸும் கிளிப்பும் புதுசு, இதைப் பிப்ரவரியிலேயே செய்திருக்க வேண்டும். பழைய மீட்டரோடு கூடவே கரன்ட் இல்லாமல் வேலை செய்கிற ஒரு மெக்கானிக்கல் ஹீட் மீட்டர், அதில் சென்ஸர் பல்பிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் டேஷ்போர்டு வரைக்கும் வரும், எர்த் பிரச்சினை அதைத் தொடாது. அந்தக் குழாயை மடக்கி நசுக்கிவிடாமல் வளையமாகச் சுற்றிக் கட்ட வேண்டும், நடுவில் ஓட்டை விழுந்தால் உள்ளிருக்கிற ஆவி போய்விடும், அப்புறம் மீட்டரையே தூக்கிப்போட வேண்டியதுதான். மூன்றாவதாக, பாய் ரேடியேட்டர் மேல் டேங்கில் தண்ணீர் மட்டம் குறைந்தால் கத்துகிற ஒரு பஸ்ஸர் வைத்துக் கொடுத்தார். மூன்றில் எதை முதலில் வாங்குவது என்று யாராவது கேட்டால் பஸ்ஸர் என்பேன். சூடு ஏறிய பிறகு சொல்வது மீட்டர், தண்ணீர் போகும்போதே சொல்வது இது.

கூடவே ஒரு பழக்கம். சாத்தங்காட்டிலிருந்து கிளம்பும் முன்பு அண்ணன் லைட்டைப் போட்டு, இன்டிகேட்டரைப் போட்டு, ஹாரன் அடித்து, இரண்டு முள்ளையும் அரை நிமிஷம் பார்ப்பார். அசைந்தால் எர்த்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்ததும் கேபின் எர்த், என்ஜின் எர்த், பேட்டரி எர்த் மூன்றையும் மல்டிமீட்டரில் அளந்து அதே நோட்டில் எழுதி வைக்கிறேன். கடைசியாக எழுதியது 0.07.

போன மாசம் அத்திப்பட்டு பக்கம் அந்த பஸ்ஸர் கத்தியது. இரண்டு மீட்டரும் நடுவில்தான் இருந்தன, ஒரு டிகிரிகூட ஏறவில்லை. அண்ணன் உடனே ஓரங்கட்டினார். மேல் ஹோஸ் கிளிப் தளர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஆறவிட்டு, இறுக்கி, நாலு லிட்டர் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிட்டு அப்புறம்தான் எனக்குப் போன் செய்தார். "ஒண்ணுமில்ல தம்பி, கிளிப்புதான்."